பயம் இறங்கும்வரை வரிசையில் நின்றேன்: ரோலர் கோஸ்டரும் நானும்

தீம் பார்க்குக்குப் போகும் எந்தக் கூட்டத்திலும் எல்லோருடைய பைகளையும் செல்போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டு கீழேயே நின்றுவிடும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் அது நான்தான். யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மேலே போனவர்கள் இறங்கி வரும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் வெளிச்சம் எனக்கும் வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை இல்லாதவர்கள் இந்தப் பயத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. ரைடு ஏறாமலேயே வாழ்க்கையை நன்றாக வாழலாம். ஆசையும் இருந்து பயமும் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு என்னதான் பயம் என்று உட்கார்ந்து யோசித்தேன். உயரமா? மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று கீழே எட்டிப் பார்ப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. வேகமா? வேகமாகப் போகும் ரயிலில் ஜன்னலோரம்தான் கேட்டு வாங்குவேன். என்னை நானே துருவிக் கேட்கக் கேட்க இரண்டு விஷயங்கள் மிஞ்சின. ஒன்று, கீழே சரியும்போது அடிவயிற்றில் ஜிவ்வென்று வரும் அந்தக் கூச்சம். இன்னொன்று, இருக்கையின் பாதுகாப்புக் கம்பியை இறக்கிப் பூட்டிவிட்டால் நடுவில் ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்ல முடியாதே என்ற தவிப்பு. இந்த இரண்டும்தான் என் பயம் என்று தெரிந்ததுமே பாதி பாரம் குறைந்தது. அதுவரை அது ஒட்டுமொத்தமாக ஒரு பெரிய இருட்டாக இருந்தது.

அடிவயிற்றுக் கூச்சத்தைப் பற்றிப் படித்தேன். சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது இருக்கை நம்மைத் தாங்குகிறது, நம் உடம்பு உள்ளுறுப்புகளைத் தாங்குகிறது. ரைடு சட்டென்று கீழே விழும்போது அந்தத் தாங்கல் குறைந்துபோகிறது. இரைப்பையும் குடலும் தங்கள் இடத்திலேயே கொஞ்சம் தளர்ந்து மிதக்கின்றன. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் ‘விழுகிறோம்’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆக அந்தக் கூச்சம் வெறும் எடையிழப்பு. ஓரிரு நொடி வந்துவிட்டுப் போய்விடும். உடம்பில் எதுவும் கெட்டுப்போவதில்லை.

இது அறிவுக்குப் புரிந்தது, சரி. ஆனால் வரிசையில் போய் நின்றால் கால் உதறத்தான் செய்தது. புரிதல் மட்டும் போதாது என்று அங்கேதான் தெரிந்தது. உடம்புக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

1950களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர், பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, உடம்பைத் தளர்த்திக்கொண்டே கீழ்ப்படியிலிருந்து ஏறும் சிகிச்சை முறையை உருவாக்கினார். இன்று பய நோய்களுக்குத் தரப்படும் சிகிச்சைகளிலும் படிப்படியாக எதிர்கொள்வதுதான் அடிப்படை. அதற்கு முந்தைய காலத்திலும் இதைத் தானாகவே கண்டுபிடித்துச் செய்தவர்கள் உண்டு. ஜெர்மன் கவிஞர் கதே, ஸ்ட்ராஸ்பூர்கில் மாணவராக இருந்தபோது, உயரப் பயத்தைப் போக்கிக்கொள்ள அங்குள்ள தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்கு மறுபடி மறுபடி ஏறிப்போய் நின்றார். எனக்கு அதில் பிடித்தது அந்த ‘மறுபடி மறுபடி’தான். ஒரே ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கிவிட்டால் பயம் போய்விடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. என் தோழி ஒருத்தியை நண்பர்கள் இழுத்துக்கொண்டு போய் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் சாதாரண ராட்டினத்தில்கூட ஏறுவதில்லை.

என் முதல் படி ஏறுவதே இல்லை, வரிசையில் நிற்பது மட்டும். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு எல்லாம் மாறியது இங்கேதான். வரிசையில் நிற்கும்போது பயம் ஏறிக்கொண்டே போகும். தாங்க முடியாமல் விலகி வெளியே வந்தால் அப்பாடா என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் வில்லன். ‘ஓடினாய், தப்பித்தாய்’ என்று மூளை அதைப் பாடமாக எழுதிக்கொள்கிறது. அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரமாகவே வருகிறது. அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: விலகுவதாக இருந்தால் பயம் இறங்கிய பிறகு விலகலாம், உச்சத்தில் இருக்கும்போது கூடாது. ஏறும் மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று பின்னால் வந்தவர்களை முன்னே விட்டேன். பயம் ஏறியது, அங்கேயே நின்றது, அப்புறம் மெல்ல மெல்லத் தணிந்தது. உடம்பால் அந்த உச்சத்தை ரொம்ப நேரம் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அதை என் கண்ணால் பார்த்தது பெரிய விஷயம். தணிந்த பிறகுதான் வெளியே வந்தேன்.

அடுத்தது கப்பல். கொலம்பஸ் என்று பலரும் சொல்வார்களே, முன்னும் பின்னும் ஆடும் அந்தப் பெரிய கப்பல். அதில் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. ஓரங்களில்தான் மேலே தூக்கிக் கீழே விடும் உணர்வு முழுதாக வரும். அக்கா மகள் என்னோடு நடு வரிசையில் உட்கார்ந்தாள். அவள் எப்போதும் கடைசி வரிசைக்கு ஓடுகிறவள்.

“சித்தி, இதுல ஒண்ணுமே தெரியாது, பாருங்க” என்றாள்.

“எனக்குத் தெரியும்டி. அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன்” என்றேன்.

கூச்சம் வந்தது. மூச்சை அடக்காமல் வெளியே விட்டேன். வாய்விட்டுக் கத்துவது இதற்கு ரொம்ப உதவுகிறது, கத்தும்போது மூச்சைப் பிடித்துவைக்க முடியாதே. பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றி, சரியும் நேரத்தில் வயிற்றுத் தசையை இறுக்கினேன். கூச்சம் கொஞ்சம் மட்டுப்பட்டது போலத்தான் இருந்தது. கண்ணை மூடக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். மூடிக்கொண்டால் எப்போது சரியும் என்று தெரியாது, ஒவ்வொரு சரிவும் திடீரென்று வந்து தாக்கும். திறந்திருந்தால் உடம்பு முன்கூட்டியே தயாராகிறது, தலைசுற்றலும் குறைகிறது.

நடு வரிசை சலிக்கும்வரை நடு வரிசையிலேயே ஏறினேன். சலிப்பு வந்தால்தான் அடுத்த படி. துணிச்சல் வந்துவிட்டது என்ற எண்ணத்தை நம்பி மேலே தாவ வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வேன், அந்த எண்ணம் வரிசை பாதி நகர்வதற்குள் காணாமல் போய்விடும். சலிப்பு அப்படிப் போகாது. அதன் பிறகு ஒவ்வொரு வரிசையாக ஓரத்துக்கு நகர்ந்து, ஒரு நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ரோலர் கோஸ்டருக்கு வந்தபோது என் இரண்டாவது பயம் முன்னுக்கு வந்தது. நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாது, கட்டுப்பாடு என் கையில் இல்லை. சரி, அப்படியானால் யார் கையில் இருக்கிறது என்று தேடினேன். சங்கிலி இழுத்து மேலே ஏற்றும் வகைக் கோஸ்டரில், உச்சியைத் தாண்டிய பிறகு வண்டியை இழுக்க மோட்டார் எதுவும் இல்லை, புவியீர்ப்புதான் ஓட்டுகிறது. மேலே ஏறும்போது வயிற்றைக் கலக்குமே ஒரு ‘டக் டக் டக்’ சத்தம், அது வண்டி பின்னால் வழுக்காமல் இருக்க ஒரு கொக்கி பல்லுக்குப் பல் விழுந்து பிடிக்கும் சத்தம். அதாவது என்னை இத்தனை நாள் பயமுறுத்திய சத்தம் என்னைக் காப்பாற்றும் சத்தம். இது தெரிந்த பிறகு அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு ‘டக்’கையும் விரும்பியே கேட்கிறேன்.

வண்டி தண்டவாளத்தை விட்டுத் தூக்கியடிக்காதா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலே மட்டும் ஓடுவதில்லை. பக்கவாட்டில் ஒரு வரிசை, அடியில் ஒரு வரிசை என்று மூன்று பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1919இல் காப்புரிமை பெற்றார். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கும்படி கணினி பார்த்துக்கொள்கிறது. முன்னால் உள்ள பகுதி காலியாகாவிட்டால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். எனவே நடுவழியில் வண்டி நின்றால்கூட, பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சின்னக் கோஸ்டரில் நடு இருக்கையில் தொடங்கினேன். முன் இருக்கையில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பின் இருக்கையை முன்னால் விழுந்துவிட்ட பெட்டிகள் உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும், நடுவில்தான் சாந்தம். தலையை இருக்கையோடு சாய்த்து வைத்துக்கொண்டேன், கழுத்து ஆடாது. ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்று எனக்கு நானே சொல்வதையும் விட்டுவிட்டேன். 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு என்று பதற்றம் தரும் வேலைகளுக்கு முன்னால் ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. படபடப்பு பயத்திலும் வரும், உற்சாகத்திலும் வரும். ஓடுகிற நெஞ்சை நிறுத்துவது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். நான் வரிசையில் சத்தமாகவே சொன்னேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “எனக்கும்தாங்க” என்றார்.

தலைகீழாகச் சுழலும் கோஸ்டர் நான் நினைத்த அளவுக்கு இல்லை. 1895இல் அமெரிக்காவின் கோனி தீவில் ஓடிய சுழல் கோஸ்டரில் வளையம் முழு வட்டமாக இருந்தது, உள்ளே நுழையும்போதே கழுத்தில் பலமாக அடித்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் திறந்த கோஸ்டருக்கு அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃபும் வெர்னர் ஸ்டெங்கலும் கண்ணீர்த்துளி வடிவ வளையம் அமைத்தார்கள், அப்போதிலிருந்து உடம்பின்மேல் விழும் அழுத்தம் படிப்படியாக ஏறி இறங்குகிறது. வளையத்துக்குள் அழுத்தம் நம்மை இருக்கையோடு சேர்த்துத்தான் தள்ளுகிறது. வானம் ஒரு முறை காலடிக்கு வந்து போனது, அவ்வளவுதான். இறங்கியதும் அக்கா மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இருக்கையோடு உச்சிக்குத் தூக்கிப்போய்ச் செங்குத்தாகக் கீழே விடும் டவர் ரைடுதான் கடைசிவரை மிஞ்சி நின்றது. என் அடிவயிற்றுக் கூச்சம் அதன் முழு வடிவில் இருக்கும் இடம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டர் தடையில்லாமல் விழ இரண்டரை நொடிதான். பல டவர்களில் கீழே பிடிப்பது நிரந்தரக் காந்தம். உலோகத் தகடுகள் காந்தத்தைக் கடக்கும்போது உண்டாகும் சுழல் மின்னோட்டமே வேகத்தைக் குறைக்கிறது, மின்சாரம் போனாலும் அந்த பிரேக் வேலை செய்யும். மேலே போய் நின்றதும், எப்போது விடுவார்கள் என்று தெரியாத அந்த நேரத்தில், நான் மூச்சை மட்டும் கவனித்தேன். விட்டார்கள். வயிறு தொண்டைக்கு வந்தது, கத்தினேன், முடிந்துவிட்டது. மறுபடி வரிசைக்கு ஓடினேன்.

பயம் வேறு, உடம்பு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுப் பிரச்சினை, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று பலகையில் எழுதியிருப்பதைப் பயத்தைப் போலத் தாண்டப் பார்க்காதீர்கள். உயர அளவும் அப்படித்தான், கம்பி சரியாகப் பொருந்தினால்தான் அது காக்கும். கம்பி பூட்டியதும் ஒருமுறை நீங்களே தள்ளிப் பாருங்கள், தளர்வாகத் தோன்றினால் கூச்சப்படாமல் கை உயர்த்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள். நான் இன்றும் ஒவ்வொரு தடவையும் தள்ளிப் பார்க்கிறேன்.

தட்டாமாலை சுற்றும் ரைடுகளில் நான் ஏறுவதில்லை. அங்கே எனக்கு பயம் ஒன்றும் இல்லை, குமட்டல்தான். எந்தப் படிப்படியான பயிற்சிக்கும் நான் அதைக் கொண்டுபோகப் போவதில்லை. அந்த ரைடு வரும்போது எல்லோருடைய பைகளையும் நான் வாங்கிக்கொள்கிறேன்.