டேப்லெட்டுக்கு முக்காடு

பங்குனி கடைசி. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே வெயில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சேலத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுதில், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலைக் களத்தில் டிரோன் விடப் போனேன்.

ஆலைக்காரர் என் மாமனாருக்குப் பங்காளி முறை. "மாப்பிள்ளை, நம்ம களத்தை மேல இருந்து பார்த்தா பால் கொட்டின மாதிரி இருக்குமுங்க. ஒரு வீடியோ எடுத்துக் குடுங்க" என்றார். காலை ஏழு மணிக்கு வருகிறேன் மாமா என்றேன். "ஏழு மணிக்குக் களத்துல என்ன இருக்கும்? வெயில் ஏறினாத்தானே மாவைப் பரப்புவோம்!" பெண் கொடுத்த வழி, மறுத்துப் பேச முடியவில்லை.

துணைக்கு அண்ணன் மகன் வந்தான். ஒன்பதாவது படிக்கிறான், எல்லாம் தெரிந்தவன். உளுந்தூர்பேட்டை சாலையில் வாழப்பாடி தாண்டிப் போகும்போது, பெரிய திரையில் வழி பார்க்கலாமே என்று, டிரோன் படம் பார்க்க நான் வைத்திருந்த டேப்லெட்டை டாஷ்போர்டில் கண்ணாடிக்கு அடியில் சாய்த்து வைத்து, சார்ஜும் போட்டுவிட்டான். நானும் பேசாமல் இருந்தேன். போய்ச் சேர்ந்தபோது, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைப் போலக் கை மாற்றி மாற்றித்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அதற்குக் கறுப்பு ரப்பர் உறை வேறு. கீழே விழுந்தால் அடிபடக் கூடாதென்று நான் ஆசையாக வாங்கிப் போட்டது.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்குகிற மாவைத்தான் களத்தில் காயவைக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் சிமெண்டுத் தரை, அதன் மேல் வெள்ளை வெளேரென்று மாவு. மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று கீழிருந்தும் அடித்தது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை, என் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. வெளிச்சத்தை முழுசாக ஏற்றினேன்.

டிரோன் எங்கே விடலாம் என்று காட்டுகிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம்தான், கமலாபுரம் விமான நிலையமும் வெகு தொலைவு. அந்த ஜாக்கிரதை எல்லாம் எனக்கு நிறைய உண்டு. களத்து மூலையில் காலியாக இருந்த இடத்தில் டிரோனை வைத்துக் கிளப்பினேன். 60 மீட்டர் உயரம். மாமா சொன்னது பொய்யில்லை, பால் கொட்டினதுபோலத்தான் இருந்தது. அதை நான் ஆறு நிமிடம் பார்த்திருப்பேன். முதலில் திரை தானாக மங்கியது. மேகம் வந்துவிட்டதோ என்று வானத்தைப் பார்த்தேன், ஒரு பொட்டு மேகம் கிடையாது. அப்புறம் வெப்பமானிப் படம் ஒன்று வந்து, நான் சூடாகிவிட்டேன், ஆறின பிறகு வா என்கிற மாதிரி ஒரு வாசகம். அத்தோடு கறுப்பு.

கையேட்டில் 0 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருந்தது. சேலத்தில் அதை மார்கழியில் மட்டும் பயன்படுத்தலாம் போல.

"சித்தப்பா, டிரோன் போச்சா?"

போகவில்லை. டிரோன் பேசுவது கையில் இருக்கிற ரிமோட்டோடு. டேப்லெட் அந்த ரிமோட்டில் செருகிய கண்ணாடி மாதிரி, அவ்வளவுதான். அது அணைந்தாலும் ரிமோட்டில் இருக்கிற குச்சிகள் வேலை செய்யும், டிரோனும் மேலே காற்றாட நின்றுகொண்டிருக்கும். எனக்கு இது தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை, அது நடுங்கியது. மாமா பக்கத்திலேயே நின்று "என்ன மாப்பிள்ளை, கறுப்பா இருக்குதுங்க?" என்றார். "இது ஒரு மோடு மாமா" என்று சொல்லிவிட்டு, வீடு திரும்பும் பட்டனை அழுத்திப் பிடித்தேன்.

சமர்த்தாகக் கிளம்பின இடத்துக்கே வந்தது. பிரச்சினையே அதுதான். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், காலியாகக் கிடந்த அந்த மூலையிலும் ஆட்கள் மாவைப் பரப்பி முடித்திருந்தார்கள். டிரோனுக்கு என்ன தெரியும்? ஆள் உயரத்துக்கு இறங்கியதும் நாலு விசிறியும் சேர்ந்து ஊதின ஊதலில் மாவு எழும்பியது பாருங்கள், மாமா, நான், பையன், மாவு கிளறிக்கொண்டிருந்த நாலு அக்காமார், எல்லாரும் ஒரே நிறம். மாமாவின் மீசைக்கு மட்டும் ஐந்து நொடியில் இருபது வயது கூடிவிட்டது.

அக்காமார் சிரித்த சிரிப்பில் மாமாவால் கோபப்பட முடியவில்லை. "அரை மூட்டை உங்க மாமனார் கணக்குல எழுதிக்கிறேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் டிரோனைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது பையன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினான். அங்கே தண்ணீர்ப் பாட்டில்களோடு ஐஸ் பெட்டி இருக்கிறது. நான் கத்தினேன். குளிர்ந்த சொம்பு வெளியே எடுத்ததும் வியர்க்கிறதல்லவா, அதே வியர்வை டேப்லெட்டுக்கு உள்ளேயும் வந்தால் கதை முடிந்தது. நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, களத்து ஓரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சுடு கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்துவியா கண்ணு? இங்க கொண்டா."

தலையில் போட்டிருந்த துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்தார். நான் ரப்பர் உறையைக் கழற்றி, முகம் கீழே போகாமல் அந்தத் துண்டின் மேல் டேப்லெட்டைக் கிடத்தினேன். ஒயர் செருகும் ஓட்டைப் பக்கம் துணி படாமல் பார்த்துக்கொண்டேன். நம் ஊரின் வறண்ட காற்றில் ஈரம் சட்டென்று ஆவியாகும், போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். பானை செய்கிற அதே வேலை. பத்து நிமிடத்தில் டேப்லெட் கண் விழித்தது. பாட்டி அதன் முதுகைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டுருச்சு" என்றார்.

இரண்டாவது முறை வேப்பமர நிழலில் நின்றபடி டிரோனை விட்டேன். நிழல் போதாத இடத்துக்குப் பையன் குடை பிடித்தான். உறை இல்லை, சார்ஜ் இல்லை, டிரோன் செயலி தவிர மற்றதெல்லாம் மூடியாயிற்று. நிழலுக்கு வந்ததும் பாதி வெளிச்சத்திலேயே திரை தெளிவாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை ஏற்றித்தான் நானே பாதிச் சூட்டைக் கிளப்பியிருக்கிறேன். நடுவில் கண் கூசுகிறதென்று கூலிங் கிளாஸ் மாட்டினேன், திரை மறுபடி கறுப்பு! "போச்சுடா!" என்று அலறிவிட்டேன். பையன் எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு சித்தப்பா" என்றான். கண்ணாடியைக் கழற்றினால் படம் தெரிகிறது, மாட்டினால் போய்விடுகிறது. போலரைஸ்டு கண்ணாடி சில திரைகளைச் சில கோணத்தில் அப்படியே மறைத்துவிடும் என்று படித்திருக்கிறேன். படித்தது எல்லாம் அலறி முடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

டிரோன் பேட்டரி தீரும் வரை டேப்லெட் அணையவில்லை. இறங்கும் இடத்தில் மாவு இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, பகோடா பாயிண்டில் ஜிலுஜிலு காற்று. இங்கே எதற்குக் குடை என்று காரிலேயே விட்டுவிட்டேன். காற்றுதான் குளிர்ச்சி, வெயில் நேராகத் திரையில் விழுகிறது என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அதே வெப்பமானிப் படம். "என்னங்க, உங்களுக்கு இங்கயும் அது மோடுதானா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி துப்பட்டாவை எடுத்து அதற்கு முக்காடு போட்டாள். ஆத்தூர்க் கதை அதற்குள் அவள் காதுக்குப் போயிருக்கிறது.

அந்த வீடியோ என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. திரை அணைந்தாலும் டிரோனுக்குள் இருக்கிற மெமரி கார்டு பதிவை நிறுத்தாது. இரண்டாவது முறை எடுத்ததை அழகாக வெட்டி, இசை சேர்த்து மாமாவுக்கு அனுப்பினேன். முதலாவதை அழிக்கலாம் என்று இருந்தேன், பையன் அதற்குள் அதையும் அனுப்பிவிட்டான். இரண்டு வாரமாக மாமாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடுவது அந்த மாவுப் புயல்தான். கடைசியில் வெள்ளை மீசையோடு அவரும், ரிமோட்டைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நானும்.