சோலாரிஸில் வீடு இல்லை

நவம்பர் 8, சனி

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய ‘சோலாரிஸ்’ நாவலை நேற்று மறுபடி படித்து முடித்தேன். சூடு ஆறுவதற்குள் அதிலிருந்து வந்த படங்களையும் வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். 1968இல் சோவியத் தொலைக்காட்சிக்காக எடுத்தது ஒன்று, 1972இல் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி எடுத்தது, 2002இல் ஸ்டீவன் சோடர்பெர்க் ஹாலிவுட்டில் எடுத்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சோலாரிஸ், சிவப்பும் நீலமுமாக இரண்டு சூரியன்களைச் சுற்றும் ஒரு கோள். அதை மூடிக் கிடக்கும் கடல் முழுவதும் ஓர் உயிர். தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தும் மனிதர்களுக்கு அது பிடிபடவில்லை. கெல்வின் என்ற உளவியலாளன் அங்குள்ள ஆய்வு நிலையத்துக்குப் போகிறான். தூங்கி விழித்தால் எதிரே ஹாரி உட்கார்ந்திருக்கிறாள். பத்து வருடங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி. அவன் நினைவைத் துழாவி எடுத்துக் கடல் செய்து அனுப்பிய உருவம் அது. எதற்காக அனுப்பியது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பலர் அலுப்பு என்று தாண்டிப்போகும் நூலக அத்தியாயங்கள்தான் எனக்கு இந்த நாவலின் உயிர். கெல்வின் பழைய ஆய்வு நூல்களைப் புரட்டுகிறான். அருகில் வரும் பொருட்களைப் போலச் செய்து காட்டும் ‘மிமாய்டு’கள், அலைகளிலிருந்து மலையாக எழுந்து, உள்ளே கணிதச் சமன்பாடுகள் கட்டடமாக நிற்பதுபோல் நின்று, பிறகு சரிந்து கரையும் ‘சிமெட்ரியாடு’கள், ஒரே விபத்தில் மாண்ட 106 பேர் என்று பக்கம் பக்கமாக விவரம். பெயர் வைக்கிறார்கள், வகை பிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கடல் தன் பாட்டுக்கு இருக்கிறது. லெம் ஒரு முழு அறிவியல் துறைக்கும் அதன் தோல்விக்கும் வரலாறு எழுதியிருக்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

1968 படம் பார்த்தாயிற்று. கறுப்பு வெள்ளை, இரண்டு பாகம், பெரும்பாலும் நிலையத்தின் அறைகளுக்குள்ளேயே நடக்கிறது. வசீலி லனவோய் கெல்வினாக நடிக்கிறார். நாடகம் மாதிரிதான். ஆனால் விஞ்ஞானிகள் விஞ்ஞானிகளாகவே பேசிக்கொள்கிறார்கள், வாதம் முறியாமல் போகிறது. நாவலின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் இதில் கேட்கலாம்.

நவம்பர் 12, புதன்

தார்க்கோவ்ஸ்கி. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் முதல் காட்சியே ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறது: ஓடும் நீருக்கடியில் அசையும் நீர்ச்செடிகள், தோட்டத்தில் மழை, திறந்த வெளியில் வைத்த தேநீர்க் கோப்பை நிரம்புவது. நாவலில் இதில் ஒன்றுகூட இல்லை. அங்கே முதல் பக்கத்திலேயே கெல்வின் விண்கலத்துக்குள் ஏறிவிடுகிறான். இங்கே அப்பா, வீடு, குளம், குதிரை என்று பூமியை விட்டுக் கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகிறது. நடுவே டோக்கியோவின் நெடுஞ்சாலைகளில் ஒரு நீண்ட கார்ப் பயணம், வசனமே இல்லாமல்.

இதை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்னால் நிலையத்தின் நூலகத்தில் ஹாரி, பனியில் வீடு திரும்பும் வேட்டைக்காரர்களை ப்ரூகல் 1565இல் தீட்டிய ஓவியத்தை வெறித்துப் பார்க்கிறாள். காமிரா அந்த ஓவியத்தின் மரம், பறவை, நாய் என்று ஊர்ந்துபோகிறது. அவள் பூமியைப் பார்த்ததே இல்லை. நாம் முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறோம். அந்த வித்தியாசத்தால்தான் அந்தக் காட்சி நெஞ்சை அடைக்கிறது. அடுத்து நிலையம் முப்பது விநாடிகள் எடையிழக்க, கெல்வினும் ஹாரியும் தழுவியபடி மிதக்கிறார்கள், பின்னணியில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ஆர்கன் இசை. சினிமாவில் இதற்கு இணையாக எனக்கு அதிகம் தெரியாது.

நதால்யா பந்தர்ச்சுக்கின் ஹாரி படம் வளர வளர மனுஷியாகிறாள். நிலையத்தின் விஞ்ஞானி சார்டோரியஸ் அவளை வெறும் நகல் என்று முகத்துக்கு நேரே சொல்லும்போது, தான் மனுஷியாகிக்கொண்டிருப்பதாகத் தடுமாறித் தடுமாறிப் பதில் சொல்கிறாளே, அந்த இடத்தில் படம் முழுக்க அவளுடையதாகிவிடுகிறது. கடல்? திரவம் சுழல்வதாக அவ்வப்போது வந்துபோகிறது. தார்க்கோவ்ஸ்கிக்கு அதில் பெரிய ஆர்வமில்லை.

நவம்பர் 15, சனி

லெம் கோபப்பட்டதும் இதற்குத்தான். மாஸ்கோ போய் வாரக்கணக்கில் தார்க்கோவ்ஸ்கியோடு மல்லுக்கட்டினார், சண்டையில் முடிந்தது. ‘சோலாரிஸ்’ என்று சொல்லிவிட்டுத் தார்க்கோவ்ஸ்கி தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ எடுத்துவிட்டார் என்பது லெம்மின் குற்றச்சாட்டு. கெல்வினுக்கு அப்பா, அம்மா, உறவு என்று சேர்த்ததையும் லெம்மால் ஏற்கவே முடியவில்லை.

லெம் சொன்னது உண்மை. படம் மகத்தானது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1972இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கிய படம் இது. அதற்காக எழுத்தாளரின் வருத்தத்தைச் சின்னதாக்கிவிட முடியாது.

நவம்பர் 16, ஞாயிறு

சோடர்பெர்க்கின் படத்தை இந்தத் தடவை நிறைய மதித்துப் பார்த்தேன். ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பு, ஜார்ஜ் குளூனி கெல்வின். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் புனைபெயர்களில் சோடர்பெர்க்கே செய்தவை. நூறு நிமிடம்கூட இல்லை. வெளியானபோது தியேட்டரில் எடுபடவில்லை. போட்ட 47 மில்லியன் டாலர்கூடத் திரும்ப வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர் தார்க்கோவ்ஸ்கியைவிட லெம்முக்கு நெருக்கமாகப் போகிறார். நடாஷா மெக்எல்ஹோன் நடித்த மனைவிக்கு (இதில் அவள் பெயர் ரேயா) தன் கடந்த காலமெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அங்கே தான் இருந்ததாக மட்டும் உணர முடியவில்லை. ஏனென்றால் அவள் முழுக்கக் கெல்வினின் நினைவால் ஆனவள். தற்கொலை நாட்டம் உள்ளவளாக அவன் ஞாபகம் வைத்திருக்கிறான், அதனால் அவளும் அப்படியே இருந்தாக வேண்டும். அவன் அவளைத் தப்பாக நினைவு வைத்திருந்தால்? எவ்வளவு பயங்கரமான கேள்வி! இறந்தவர்களை நினைத்து நினைத்து நாமே அவர்களை ஒரு குணத்துக்குள் பூட்டிவிடுகிறோம் என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு நேராகச் சொல்லி நான் பார்த்ததில்லை. கிளிஃப் மார்டினெஸின் இசையும் அந்த மூச்சுமுட்டலை விடாமல் வைத்திருக்கிறது.

குறை அதே குறைதான். கடல் இதில் ஜன்னலுக்கு வெளியே ஊதாவும் நீலமுமாக ஒளிரும் ஓர் உருண்டை, அவ்வளவே. லெம் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. விமர்சனங்களைப் படித்துவிட்டு, நாவலுக்குச் ‘சோலாரிஸ்’ என்றுதான் பெயர் வைத்தேன், ‘விண்வெளியில் காதல்’ என்று வைக்கவில்லை என்கிற பொருளில் எழுதினார்.

நவம்பர் 20, வியாழன்

முடிவுகளை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

தார்க்கோவ்ஸ்கியில் கெல்வின் வீட்டு வாசலில் அப்பாவின் காலடியில் மண்டியிடுகிறான். காமிரா மேலே போகப் போக, அந்த வீடே கடலுக்கு நடுவில் ஒரு தீவு என்று தெரிகிறது. சோடர்பெர்க்கில் அவன் தன் சமையலறையில் நிற்கிறான், ரேயா வருகிறாள், எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்கிறாள். முப்பது வருட இடைவெளி, இரண்டு நாடு, இரண்டு விதமான சினிமா. இருவருமே அவனுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

லெம் கொடுக்கவில்லை. நாவலில் ஹாரி தன் விருப்பத்தோடு அழிந்துபோன பிறகு, கெல்வின் முதல்முறையாக நிலையத்தை விட்டு இறங்கி ஒரு பழைய மிமாய்டின் கரையில் உட்கார்கிறான். கையை நீட்டுகிறான். அலை வந்து, தொடாமல், மெல்லிய காற்றிடைவெளி விட்டுக் கையைச் சூழ்கிறது. சில தடவை செய்ததும் கடலுக்கு ஆர்வம் போய்விடுகிறது. அவள் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை. ஆனாலும் அங்கேயே இருக்கிறான்.

மன்னிப்பும் கிடையாது, தண்டனையும் கிடையாது. மனிதனுக்குப் பதில் சொல்லும் கடமை பிரபஞ்சத்துக்கு இல்லை என்பதை இவ்வளவு கருணையோடு எழுத முடியும் என்று காட்டிய பக்கங்கள் இவை. இரண்டு இயக்குநர்களும் மாற்றிய இடங்களிலேயே எனக்கு மிகப் பெரிய இழப்பு இதுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று நண்பரோடு நெடுநேரம் பேச்சு. சோடர்பெர்க் படம்தான் உசத்தி என்றார், சுருக்கமாக, நேராக இருக்கிறதாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்காதவர்கள் தார்க்கோவ்ஸ்கியில் தொடங்கட்டும், 2002 படத்தை ரேயாவுக்காகப் பார்க்கட்டும், நாவலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

அடுத்து யாராவது எடுப்பதாக இருந்தால் என் ஆசை ஒன்றே ஒன்று. ஒரு சிமெட்ரியாடு எழுவதையும் சரிவதையும் பத்து நிமிடம், வசனம் இல்லாமல், கெல்வினின் துக்கத்தோடு முடிச்சுப் போடாமல் காட்ட வேண்டும். 1972இல் அதற்கு வழியில்லை. இன்றைய கணினி வரைகலைக்கு அது எட்டாத வேலை இல்லை. கடலுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கும் இயக்குநர் வர வேண்டும்.