லெஸ்டரில் ஒரு புற்று

அக்கா மகன் பாம்பு வாங்கிவிட்டான் என்று செய்தி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு தினமும் பால் ஊத்தணுமா?" என்பதுதான். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் போனில் "பால் பைத்தான், பாட்டி" என்றால் வேறு என்ன தோன்றும்? பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், அதனால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் பலர் ராயல் பைத்தான் என்கிறார்கள். பால் குடிக்காதும்மா, எலிதான் தின்னும் என்று நான் சொன்னதும் போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்கா குடும்பம் லெஸ்டரில். நாங்கள் இங்கே சிங்கப்பூர் அங் மோ கியோவில், அரசாங்கத்தின் வீடமைப்புக் கழக அடுக்குமாடி வீட்டில். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை, சிவப்புக் காது ஆமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாம்பு ஆசை உண்டு. அது விலங்குத் தோட்டத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அதனால் பையன் வீடியோவில் கூப்பிட்டு, "மாமா, அஞ்சு வாரமா சாப்பிடவே இல்ல, என்ன பண்றது?" என்று கேட்டபோது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. எனக்குப் பாம்பு வைத்தியம் தெரியாது. இருபது வருடமாக ஏர்கான் வேலை பார்க்கிறேன், சூடும் ஈரப்பதமும் தெரியும். பாம்புப் பெட்டி என்பதில் பாதிக்கு மேல் அந்த வேலைதான் என்று அப்புறம் தெரிந்தது.

வீடியோவில் பெட்டியைக் காட்டினான். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை, ஜன்னலோரம். உள்ளே நடுவில் ஒரு அரைவட்ட மரத்துண்டு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், மற்றபடி மைதானம். பாம்பு கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்துகொண்டிருந்தது. "நல்லா விசாலமா, வெளிச்சமா வெச்சிருக்கேனே மாமா" என்றான். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை தூக்காமலேயே, "புத்து இல்லாம பாம்பு எங்கடா தூங்கும்?" என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் இந்தப் பாம்பு பகல் முழுக்க எலி வளையிலோ கரையான் புற்றிலோதான் கிடக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அங்கே நிஜமாகவே செய்துகொண்டிருக்கிறது. நாம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காற்றோட்டமான அறையைக் கொடுப்போம். இதற்கோ உடம்பு நாலு பக்கமும் இடிக்க வேண்டும், முதுகு கூரையைத் தொட வேண்டும், அப்போதுதான் நிம்மதி. அதற்காகப் பெட்டியே சின்னதாக இருக்க வேண்டும் என்றில்லை. பெரிய பெட்டிக்குள் நிறைய சின்ன இருட்டு வேண்டும்.

டிசம்பரில் இரண்டு வாரம் லீவு போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். போன மறுநாள் தொட்டியின் தரையில் கை வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. வேலைக்குக் கொண்டு போகிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துப் போயிருந்தேன் (சாங்கி சோதனையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்). அதில் 46 டிகிரி. சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டோ 24 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், அதன் முனையில் சூட்டை அளக்கிற ப்ரோப் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் குளித்துக்கொண்டிருக்கிறது! கடையில் 'முழு செட்' என்று கட்டிக் கொடுத்ததில் ப்ரோப்பைச் சுவரில் ஒட்ட ஒரு ரப்பர் கப், அது கழன்று விழுந்திருக்கிறது. தண்ணீரின் குளிர்ச்சியைப் பார்த்து, இன்னும் சூடு போதவில்லை என்று கீழே இருக்கிற ஹீட் மேட்டை அது நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறது. ஏர்கானிலும் இதே கதைதான். சென்சார் தப்பான இடத்தில் இருந்தால் மெஷின் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதில் அர்த்தமே இல்லை. பாம்புகள் சூடான தரையிலிருந்து உடனே விலகும் என்று நம்பக் கூடாது, வயிறு வெந்துபோகும் வரை அப்படியே படுத்துக் கிடக்கும். நல்லவேளை, இது குளிர்ந்த மூலையில் இருந்தது.

அந்தத் தொட்டியைக் கைவிட்டோம். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மரப்பெட்டி, முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி, பூட்டோடு. பூட்டு முக்கியம், பாம்புக்கு ஒரு விரல் இடுக்கு போதும். உள்ளே மூட்டுகளுக்கெல்லாம் மீன்தொட்டி சிலிக்கான் பூசிச் சில நாள் காயவிட்டேன். அக்கா வந்து, "டேய், வந்த இடத்துலயும் வேலையா?" என்று டீ வைத்துவிட்டுப் போனார்.

சூடு மேலிருந்து, ஒரு ஓரத்தில் மட்டும். செராமிக் ஹீட்டர், அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, இல்லாவிட்டால் ஆசையாய்ப் போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துவிடும். அந்த ஓரத்தில் பாம்பு வெயில்காயும் இடம் 32 டிகிரியைத் தாண்டி, எதிர் ஓரம் 25, 26. இரண்டு முனைக்கும் நடுவில் வித்தியாசம் இருந்தால்தான் அதற்கு எது வேண்டுமோ அங்கே போய்க்கொள்ளும். ப்ரோப்பை இந்த முறை சுவரில் கிளிப் வைத்து திருகினேன். இரண்டு முனையிலும் தனித்தனி டிஜிட்டல் மீட்டர். தெர்மோஸ்டாட் காட்டுகிற எண்ணை இனி அந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை.

அடுத்தது ஈரம், நான் ரசித்துச் செய்த பகுதி. இங்கே சிங்கப்பூரில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், அதைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம். அங்கே தலைகீழ். வெளியே 5 டிகிரி, தூறல், தெருவெல்லாம் நனைந்திருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் உதடு வெடிக்கிறது. காரணம் ரொம்ப எளிது. 5 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 7 கிராம் தண்ணீருக்கு மேல் தாங்காது. அதே காற்றை வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 35க்கு இறங்கிவிடும், பாம்புப் பெட்டியில் 32 ஆக்கினால் 20 பக்கம் போய்விடும். பாம்புக்கு வேண்டியது 60 முதல் 80 வரை. பையன் ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்ப்ரே அடித்திருக்கிறான், கம்பிவலை வழியாக எல்லாம் அரை மணியில் ஆவியாகியிருக்கிறது.

ஸ்ப்ரேயை ஓரம் கட்டினேன். தேங்காய் மட்டைத் துண்டுகளையும் நார்த்தூளையும் கலந்து நாலு அங்குலத்துக்குப் பரப்பி, மூலைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். அடியில் ஈரம், மேலே கை வைத்தால் காய்ந்திருக்க வேண்டும். மேல்பக்கமும் சொதசொத என்றிருந்தால் வயிற்றுச் செதில் அழுகிவிடும். தேங்காய் மட்டையை ஒரு பாக்கெட் இத்தனை பவுண்டு என்று காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்து அம்மா அடைந்த அதிர்ச்சி, பாம்பு எலி தின்னும் என்று கேட்டபோதுகூட இல்லை.

பொந்துகளுக்கு நான் பெரிய செலவு செய்யவில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இரண்டு, கவிழ்த்து விளிம்பில் ஒரு வாசல் வெட்டி, வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்தேன். சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் பிடித்துப்போனால் பாம்பு சூடு வேண்டாம் என்று தோன்றும்போதும் அதை விட்டு நகராது. நடுவில் வெற்றிடமே தெரியாதபடி கார்க் மரப்பட்டை, பிளாஸ்டிக் கொடிகள். "மாமா, இனிமே பாம்பே கண்ணுக்குத் தெரியாதே" என்றான் பையன். அதான்டா வேண்டும் என்றேன்.

பாம்பை உள்ளே விட்டதும் நேராகத் தட்டுக்கு அடியில் போனதுதான், மூன்று நாள் ஆளைக் காணோம். யாரும் தொடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது என்று நான் போட்ட சட்டத்தை முதலில் மீறியது நானே. நாலாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் முதலில் மூக்கு மட்டும். மேலுதட்டில் ஊசியால் குத்தியது போல வரிசையாகக் குழிகள், எலியின் உடல் சூட்டை அவற்றால்தான் உணர்கிறது. நாக்கு வெளியே வந்து, காற்றில் மெதுவாக மேலும் கீழும் ஆடி, உள்ளே போனது. அப்புறம் ஒரு விரல் நீளம் கழுத்து. திரும்பவும் நின்று யோசனை. முழு உடம்பும் வெளியே வர இருபது நிமிடம். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஃப்ரீசரில் இருந்து எடுத்துச் சுடுநீரில் சூடாக்கிய செத்த எலியை இடுக்கியில் பிடித்துக் காட்டியதும் ஒரே பாய்ச்சல். தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கவில்லை, எடுத்தால் கக்கிவிடும்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு, ஜனவரியில் சட்டை உரித்தது. போன முறை துண்டு துண்டாகப் பிய்ந்து கண்மேல்கூட ஒட்டிக்கொண்டிருந்ததாம், இந்த முறை தலையிலிருந்து வால் வரை ஒரே காலுறையாக வந்திருக்கிறது. அனுப்பி வைக்கட்டுமா மாமா என்று கேட்டான். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற பாம்பு, அதன் சட்டையைத் தபாலில் வரவழைத்து வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று படம் மட்டும் கேட்டு வாங்கினேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். 540 கிராமிலிருந்து 610 ஆகிவிட்டதாம், முழு உடம்பும் நனைகிற மாதிரி பெரிய தண்ணீர்ப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறானாம். சரி, முதலில் ப்ரோப் எங்கே இருக்கிறது என்று காட்டு என்றேன்.