கிரேடு 2

மே 11, 2021
தம்பிக்குக் கொரோனா காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள். ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் அளவு 95.

மே 12
மத்தியானம் 93. ஆறு நிமிடம் நடக்கச் சொன்னேன். ஹாலுக்கும் சமையலறைக்குமாக நாலு நடை நடப்பதற்குள் 89. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பெட் கிடைக்க ராத்திரி பத்தரை ஆனது. டாக்டர் எடுத்ததும் எடையைத்தான் கேட்டார். 104 கிலோ. "லிவர்ல ஏதாவது உண்டா?" இல்லை என்றேன்.

மே 13
இன்சூரன்ஸ் பேப்பர் தேடப் போய், பீரோவில் புடவைக்கு அடியில் தம்பியின் ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்தது. 2019. ஃபேட்டி லிவர், ஈரலில் கொழுப்பு; கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு. குடிக்காத பிள்ளைக்கு லிவரில் என்ன வரப்போகிறது என்று மடித்து வைத்தது நான்தான். உடனே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன்.

மே 14
டாக்டரே போன் செய்தார். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 148, ரொம்ப அதிகமாம். கொழுப்பு சும்மா கிடக்கிற பொருள் இல்லையாம்; அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம். கொழுப்பேறிய ஈரலும் அப்படித்தான். உள்ளே ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த உடம்பில் வைரஸ் வந்து விழுந்திருக்கிறது. தொப்பை வேறு நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. 2009 பன்றிக்காய்ச்சலிலேயே பருமனானவர்கள்தான் அதிகம் ஐசியுவுக்கு வந்தார்களாம். பன்னிரண்டு வருஷம்! எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா? அவனுக்கு வயது 34. ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரிகூடப் பரோட்டா வாங்கி வந்தான், நானும் சாப்பிட்டேன்.

மே 15
குப்புறப் படுக்கவைக்க நாலு பேர் வேண்டியிருந்ததாம். அங்கிருந்த நர்ஸ் வீடியோவில் காட்டினாள். நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, நடுவில் வயிறு அழுந்தாமல் இடைவெளி. மாஸ்க் வார் கன்னத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். "அக்கா" என்று வாய் அசைந்த மாதிரி இருந்தது.

மே 16
சுகர் 310. ஸ்டீராய்டினால் ஏறுமாம். அவனுக்குச் சுகரே கிடையாது.

மே 18
போன் வரவில்லை.

மே 19
ஆக்ஸிஜனை நிமிடத்துக்கு 15 லிட்டரிலிருந்து 10 லிட்டருக்குக் குறைத்திருக்கிறார்கள். ரசம் கேட்டானாம். மிளகைத் தட்டும்போது அழுகை வந்துவிட்டது.

மே 20
எடை பார்த்தேன். 79. என் உயரம் 155 செ.மீ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் அளவு, 32.9 வருகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு 25 தாண்டினாலே உடற்பருமன்தானாம். என் பெரிய மகனுக்குப் பதின்மூன்று வயதுதான். கழுத்தைச் சுற்றிக் கருப்பாக இருக்கிறது; அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் பருமனால் வருவதாம். ஊரடங்கு முடிந்ததும் இரண்டு பேரும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மே 21
8 லிட்டர். எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன்.