கஜாக், கோசாக்: ஒரு சொல்லுக்காக மூன்று முறை வரைந்த படம்

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். ஒரு சொல்லுக்கு ஒரு சார்ட் பேப்பர் என்பது கணக்கு. இந்தத் தடவை எடுத்துக்கொண்டது ஓர் இரட்டை: கஜாக், கோசாக் என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள். கஜாக் மக்கள் துருக்கிய மொழி பேசுகிறவர்கள், கஜகஸ்தான்காரர்கள். கோசாக்குகள் உக்ரைன், தெற்கு ரஷ்யப் புல்வெளிகளில் உருவான, ஸ்லாவிய மொழி பேசும் குதிரைவீரர் சமூகம்.

முதல் படத்தில் நடுவே ஒரு மூல இனத்தைப் போட்டு, அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரித்தேன். ஒரு வாரம்கூட அது நிற்கவில்லை. குமான் என்ற பழைய துருக்கிய மொழிக்காக லத்தீனில் எழுதப்பட்ட 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கையேடு ஒன்று வெனிஸில் இருக்கிறது. அதில் ‘கோசாக்’ என்ற சொல் காவல் என்ற பொருளில் வருகிறது. இனப்பெயராக இல்லவே இல்லை. அப்புறம் பாபரின் நினைவுக் குறிப்புகள். அரியணை இழந்து, சில ஆட்களோடு மலையும் காடுமாய் அலைந்த தன் இளமைக் காலத்தை அவர் ‘கஸாக்லிக்’ என்கிறார். கஸாக்காக வாழ்வது என்று பொருள்; கஸாக் என்பது இதே சொல்லின் துருக்கிய வடிவம். தலைவனையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு, யாருக்கும் கட்டுப்படாமல் திரிகிறவன் கஸாக். அதாவது, இது ஒருவன் பிறந்த குலத்தைச் சொல்லும் சொல் அல்ல, அவன் இருக்கிற நிலையைச் சொல்வது. இதைப் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாவது படத்தில் மூல இனத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘பிரிந்து போனவன்’ என்று எழுதினேன். எல்லாம் பொருந்தத் தொடங்கியது. 15-ஆம் நூற்றாண்டில் கெரேய், ஜானிபெக் என்ற இருவர் உஸ்பெக் கூட்டத்தின் தலைவரான அபுல்கைர் கானை விட்டுத் தங்கள் ஆட்களோடு கிழக்கே போனார்கள். கூட்டத்தைப் பிரிந்து வறுமையில் அலைந்ததால்தான் அவர்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று மிர்ஸா ஹைதர் எழுதியிருக்கிறார். பாபரின் உறவினரான இவர், பின்னாளில் காஷ்மீரை ஆண்டவர். மேற்கே துருக்கிய மொழி பேசும் தாதர்களிடமிருந்து இதே சொல்லை ஸ்லாவியர்கள் வாங்கிக்கொண்டார்கள். பண்ணையடிமை வாழ்க்கையிலிருந்து ஓடிவந்து, தினிப்ரோ ஆற்றின் பாறைச் சரிவுகளுக்கு அப்பால் கூடிய குடியானவர்களும் அந்தப் பெயருக்குள் வந்தார்கள். இரண்டு மக்களுக்கும் ரத்த உறவு தேட வேண்டியதில்லை. ஒரே மாதிரி வாழ்க்கைக்கு ஒரே பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

கஜாக் மொழியில் ‘கஸ்’ என்றால் வாத்தினப் பறவை, ‘அக்’ என்றால் வெள்ளை. வெள்ளைப் பறவை ஒன்றிலிருந்து இந்த மக்கள் பிறந்ததாக அழகான கதை உண்டு. அதைப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்தேன். சொல்லின் வரலாறு அதைத் தாங்கவில்லை.

மூன்றாவது படம் எழுத்துக்காக. இதற்காகவே ரஷ்ய எழுத்துகளைப் பத்து நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கோசாக்குகளோடு குழம்பக்கூடாது என்று ரஷ்யாவின் ஜார் மன்னராட்சி கஜாக் மக்களையே ‘கிர்கிஸ்’ என்று அழைத்தது. 1920-இல் சோவியத் ஆட்சியில் கஜாக் மக்களுக்கு அமைந்த குடியரசின் பெயரிலும் ‘கிர்கிஸ்’தான் இருந்தது. 1925-இல்தான் சொந்தப் பெயர் திரும்பியது. 1936-இல் ரஷ்ய எழுத்துமுறையில் கடைசி ‘க்’-ஐ எடுத்துவிட்டு, பெருக்கல் குறி போன்ற ‘ஹ்’ எழுத்தைப் போட்டார்கள். ஓர் எழுத்தால் இரண்டு மக்களையும் பிரித்தாயிற்று. கஜாக் மொழியிலோ முதலிலும் கடைசியிலும் வருவது தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ஒரே ‘க’. தமிழில் இந்த மூன்றுக்கும் க, ஹ என்றுதான் எழுத முடிகிறது என்பதால், தொண்டை ‘க’வுக்கு மேலே சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. அடுத்த சார்ட் ‘பல்கர்’ என்ற பெயருக்கு. துருக்கிய மொழி பேசியவர்களின் பெயரை ஸ்லாவிய மொழி பேசுகிற பல்கேரியர்கள் இன்றும் தாங்கியிருக்கிறார்கள். வோல்கா ஆற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கப் போகிறேன்.