டிஎன்ஏ அப்புறம், முதல்ல கவர்

ஃபாரன்சிக், அதாவது தடயவியல் படிக்கணும்னு ஆசையா வர்ற புள்ளைங்க எல்லாம் எங்கிட்ட டிஎன்ஏ பத்திதான் கேப்பாங்க, எடுத்த தடயத்த கவர்ல போட்டு ஒட்டறது பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சேலத்துல, குற்றம் நடந்த எடத்துக்குப் போய் தடயம் எடுக்கற இந்த வேலைக்கு வந்ததுல இருந்து என் நேரத்த அதிகமா தின்னது அதுதான்.

நான் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி. நின்ஹைட்ரின்ங்கற கெமிக்கல் போட்டா பேப்பர்ல இருக்கற கைரேகை ஊதா கலர்ல எந்திரிக்கும்னு காலேஜ்லயே தெரியும். ரத்தம் ஊறின துணிய ஈரத்தோட பாலிதீன்ல கட்டுனா புழுங்கி பாக்டீரியா டிஎன்ஏவ சிதைச்சிடும், நிழல்ல காயவச்சு பேப்பர் கவர்ல போடணும், அதுவும் புக்ல இருக்கு. மழை மாசத்துல ஏற்காட்டுல அத எங்க காயவைக்கறதுன்னுதான் இல்ல. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வயித்தப் புடிச்சிக்கிட்டு எறங்கி, காபி தோட்டத்து சரிவுல பனிக்குள்ள நின்னா லேபிளே நமுத்துப் போயிடும். செருப்புத் தடத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்திட்டு குடையப் புடிச்சிட்டு நிக்கணும், லேசுல இறுகாது. துணிக்கு ஸ்டேஷன்ல ஒரு ரூம் கேட்டு வாங்கி, புது பேப்பர் விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு படாம போட்டு, நைட்டு பூரா ஃபேன் ஓடணும், கரண்ட் போனா போச்சு.

சேர்ந்த புதுசுல ஒரு சீனியர் மேடம் சொன்னாங்க, "கண்ணு, கைய பின்னாடி கட்டிக்க, போட்டோ எடுத்து முடிக்கற வரைக்கும் எதையும் தொடாத." நாம தொடாம இருந்துருவோம், ஆனா நாம போறதுக்குள்ள பாதி ஊரு உள்ள வந்து நின்னுட்டிருக்கும், சொந்தக்காரங்க பாவம் மனசு கேக்காம தரைய கழுவி விட்டுருப்பாங்க, அவங்கள எப்படி திட்டறது?

வாடை, நேரங்கெட்ட நேரத்துல போன், இதெல்லாம் பழகிடும். கோர்ட்டு மட்டும் பழகல. கெமிஸ்ட்ரி படிச்சிட்டுப் போவோம், வக்கீல் மகஜரையும் (ஸ்பாட்டுல என்ன இருந்துச்சு, என்ன எடுத்தோம்னு சாட்சி வச்சு எழுதற பேப்பர்) கவரையும் வச்சிக்கிட்டு சீல் எப்ப வச்சீங்க, யார் கையில குடுத்தீங்கன்னு அதையே கேப்பாரு. அங்க ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னா லேப் ரிப்போர்ட் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் சந்தேகம் வந்துடும்.

2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம், பழைய சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) எடத்துல வந்த பிஎன்எஸ்எஸ், அதோட பிரிவு 176(3), 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள கேஸ்னா ஃபாரன்சிக் ஆளு ஸ்பாட்டுக்கு போகணும், வீடியோ எடுக்கணும்ங்குது, இத கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருஷம் வரைக்கும் டைம். ஆளு நிறைய வேணும், அதனால படிங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடி ஃபீல்டு டிரெய்னிங் எங்க தர்றீங்கன்னு கேட்டுக்கங்க, ஏசி ரூம்ல பொம்மைய படுக்க வச்சு காட்டிட்டு சர்டிஃபிகேட் குடுக்கற எடமும் இருக்கு.