டோக்கனில் வந்த ஊதியத்துக்கு வரி கட்ட நான் பட்ட பாடு

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் ஊதியத்தின் பெரும்பகுதியை வெள்ளியாகவும் (சிங்கப்பூர் டாலர்), எஞ்சியதை வெளிநாட்டிலுள்ள அதன் தாய் நிறுவனம் வெளியிடும் டோக்கன்களாகவும், அதாவது பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களாகவும், தருகிறது. மார்ச் மாதத் தொடக்கத்தில் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக வரித் தளத்துக்குள் சென்று பார்த்தபோது, நிறுவனம் அனுப்பியதாக அங்கே முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்த வருமானத்தில் ரொக்கம் மட்டுமே இருந்தது. கிரிப்டோவுக்குத்தான் இங்கே வரி இல்லையே, விட்டது தொல்லை என்று சிலர் மகிழக்கூடும். அப்படி மகிழ்வதற்கு இடமில்லை.

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது என்பது உண்மைதான். ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு பிட்காயின் வாங்கி, நெடுநாள் வைத்திருந்து விற்றால், அந்த ஆதாயத்துக்கு வரி இல்லை. அதையே வணிகமாக நடத்தினால் வரி உண்டு. ஆனால் செய்த வேலைக்குக் கூலியாக டோக்கன் வந்தால், அது வந்த நாளின் மதிப்பில் ஊதியமாகவே கருதப்படும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் தரப்பட்ட டோக்கனாக இருந்தால், அந்தக் கட்டுப்பாடு நீங்கும் நாள் கணக்கில் வரும்.

இதை எடுத்துக்கொண்டு மனிதவளப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர், டோக்கனைக் கொடுப்பது வெளிநாட்டு நிறுவனம், ஆகவே அது ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் எங்கள் ஐஆர்8ஏ படிவத்தில் வராது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். இங்கே செய்த வேலைக்கான ஊதியம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இங்கே வரிக்குரியதுதான் என்று நான் விளக்க முயன்றபோது, எழுத்துமூலம் அனுப்புங்கள் என்றார், அனுப்பினேன், கணக்குப் பிரிவைக் கேளுங்கள் என்று பதில் வந்தது, கணக்குப் பிரிவோ மனிதவளப் பிரிவைக் கேட்கச் சொன்னது. முதலாளி மின்வழி அனுப்பிய தொகையை ஊழியர் தாமாகத் திருத்த முடியாது, முதலாளிதான் திருத்தி அனுப்ப வேண்டும் என்பதால், இந்தப் பந்தாட்டத்தில் நாள் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. வரி விவரம் தாக்கல் செய்ய ஏப்ரல் 18 கடைசி நாள்.

இடையில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில், சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு வரி ஆலோசகரைப் பார்க்கப் போனேன். நான் கொண்டுபோன தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "தம்பி, இந்த ஊரில் கிரிப்டோவுக்கு வரியே கிடையாது, எழுதாமல் விட்டுவிடுங்கள்" என்றார். அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார். ஆலோசகரிடம் போகிறவர்கள், ஊதியமாக வந்த டோக்கனையும் காசு கொடுத்து வாங்கிய டோக்கனையும் அவர் வேறுபடுத்திப் பார்க்கிறாரா என்பதை முதல் கேள்வியிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையான வேலை மதிப்புக் கணக்கிடுவதில்தான் இருந்தது. எந்தச் சந்தையின் எந்த விலையை எடுக்க வேண்டும் என்று ஆணையம் விதிக்கவில்லை. முறை நியாயமானதாகவும், சரிபார்க்கக் கூடியதாகவும், ஆண்டுதோறும் மாறாததாகவும் இருந்தால் போதும். கேட்பதற்கு எளிது. ஒரே நாளில் இரண்டு பரிவர்த்தனைத் தளங்கள் இரண்டு விலைகளைக் காட்டும். விலைகள் அமெரிக்க டாலரில் இருக்கும். சனி, ஞாயிறு என்று பாராமல் டோக்கன் வந்து விழும், ஆனால் நாணய மாற்று விகிதம் வார நாள்களுக்கு மட்டுமே கிடைக்கும். நான் ஒரு தளத்தின் நாள் முடிவு விலையையும், சிங்கப்பூர் நாணய ஆணையம் வெளியிடும் விகிதத்தையும் எடுத்துக்கொண்டேன். வார இறுதியில் வந்தவற்றுக்கு அதற்கு முந்தைய வேலை நாளின் விகிதத்தையே பயன்படுத்தி, அந்த விதியை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவைத்தேன். விலை தெரியும் பக்கத்தை அன்றன்றே படம்பிடித்து வைத்திருந்தது இப்போது கைகொடுத்தது.

பரிவர்த்தனைத் தளம் தரும் அறிக்கையில் இன்னொரு பொறி உண்டு. அதிலுள்ள நேரம் நம் நேரத்துக்கு 8 மணி நேரம் பின்தங்கியது. ஆண்டின் கடைசி டோக்கன் அறிக்கைப்படி டிசம்பர் 31 மாலையில் வந்திருந்தது. சிங்கப்பூர்க் கடிகாரப்படி அப்போது ஜனவரி 1 பிறந்துவிட்டது. அதாவது அது அடுத்த மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியது. அறிக்கையை அப்படியே கூட்டிப் போடுகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

அட்டவணை, படங்கள், நிறுவனத்துடனான கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் இணைத்து, வரித் தளத்திலுள்ள அஞ்சல் வழியாக ஆணையத்துக்கு எழுதி, அதன் நகலை நிறுவன நிதி இயக்குநருக்கும் அனுப்பினேன். அதுவரை அசையாத தேர் அன்றைக்கே அசைந்தது. மனிதவளப் பிரிவு என்னிடமிருந்தே அட்டவணையைக் கேட்டு வாங்கி, திருத்திய தொகையை அனுப்பியது. என்னைப்போல் டோக்கன் பெற்ற மற்றவர்களுக்கும் சேர்த்தே திருத்தினார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டபோது ஏற்பட்ட நிறைவை மறைக்க விரும்பவில்லை. அதன் பிறகு தாக்கல் செய்ய ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மனம் ஆறாத ஒன்று, டோக்கனின் விலை. கையில் வந்தபோது இருந்த விலையில் மூன்றில் ஒரு பங்குதான் தாக்கல் செய்யும்போது இருந்தது. ஆனால் வரி, வந்த நாளின் மதிப்புக்குத்தான். பிறகு விற்றதில் ஏற்பட்ட நட்டத்தை ஊதியத்தில் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆகவே டோக்கன் வரும்போதே வரிக்குத் தேவையான அளவை விற்று வெள்ளியாக்கி ஒதுக்கிவிடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் ஜைரோ மூலம் 12 மாதத் தவணை வரை வட்டியின்றிக் கட்டலாம். நான் அதைத்தான் செய்கிறேன். மதிப்பீட்டு அறிவிப்பில் தொகை தவறாக இருந்தால் 30 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தளங்களில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கிரிப்டோ கணக்குத் தகவல்களை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஓஇசிடி (பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) ஏற்பாட்டில் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கிறது. 2027 முதல் தளங்கள் விவரம் திரட்டும், 2028இல் பரிமாற்றம் தொடங்கும். வரி வசிப்பிடம் எது, வரி அடையாள எண் எது என்று தளம் கேட்டால், அதை விளம்பர மின்னஞ்சல் என்று தள்ளிவிட வேண்டாம்.

வேலை மாறப்போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திருச்சிக்குத் திரும்பிய என் சக ஊழியருக்கு, வெளிநாட்டவர் என்பதால் நிறுவனம் வரி பாக்கியைத் தீர்ப்பதற்கான ஐஆர்21 படிவம் தாக்கல் செய்து, கொடுக்க வேண்டிய பணத்தையும் நிறுத்திவைத்தது. அவருடைய டோக்கன் கணக்கோ அலுவலக மின்னஞ்சலோடு இணைக்கப்பட்டிருந்தது. கடைசி நாள் மாலையில் மின்னஞ்சல் மூடப்பட்டதும் பழைய அறிக்கைகளை எடுக்க அவரால் முடியவில்லை. ஆவணங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், பதவி விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே எல்லா அறிக்கைகளையும் பதிவிறக்கிச் சொந்தக் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள்.